கற்பூரத் தைலமும் கண்ணம்மாவின் கழுத்தும்

ஹோமியோபதி என்பது நோயாளியிடம் நூறு கேள்வி கேட்டுவிட்டு நாலு சர்க்கரை உருண்டை கொடுக்கிற தொழில். கழுத்து பிடித்துக்கொண்ட அன்பர்களே, சிரமப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். 1950களின் கடைசியில் பெங்களூர் மர்பி டவுனில் ஹோமியோபதி டாக்டர் என்று போர்டு மாட்டிய நானும் உங்கள் கட்சிதான்.

இடிக்குப் பயமா?

கண்ணம்மா தலையில் கூடை வைத்துக் கீரை விற்பவர். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். கூடையைத் தூக்க முடியாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாதே என்ற கவலையோடு என்னிடம் வந்தார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். இடி இடித்தால் பயமா? புளிப்பு பிடிக்குமா? கனவில் பாம்பு வருமா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் கடைசியில் சொன்னார்: "கழுத்து நோவுதுன்னு வந்தா, கண்ணாலத்துக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்கறீங்களே, டாக்டரய்யா!"

பத்தியம்

மருந்தோடு பத்தியமும் சொல்லி அனுப்பினேன். காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது. முக்கியமாக, கற்பூரம் கலந்த தைலம் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. வாசனை பட்டாலே மருந்தின் வேலை கெட்டுவிடும் என்பது எங்கள் சாஸ்திரம். பத்து நாள் கழித்து அவருடைய கணவர் மாரி வந்து நின்றார். மரப்பட்டறையில் தச்சு வேலை. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வலி இருந்தப்போ அவ ஒருத்திதான் கஷ்டப்பட்டா. காபிய நிறுத்தினீங்கோ, இப்போ வூடே கஷ்டப்படுது!"

வாசனை

ஊருக்குத்தான் உபதேசம். தடித்தடியான மருந்துப் புத்தகங்களைக் குனிந்து படித்தே என் கழுத்தும் தேய்ந்திருந்தது. என் உருண்டைகள் எனக்கே கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி என் கழுத்தில் கற்பூரத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் கண்ணம்மாவின் குரல். துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். அவர் இரண்டு முறை மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தார்.

மானம் போயிற்று. போர்டைக் கழற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மறைக்க வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்: தேய்ந்த எலும்பை என் மருந்து வளர்க்காது, தலைச்சுமையை இறக்கினால்தான் வலி அடங்கும். கண்ணம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இத மொதல் நாளே சொல்லியிருந்தா, நாங்க காபியாவது குடிச்சிருப்போமே!"

தள்ளுவண்டி

மாரி பட்டறையில் மிஞ்சிய பலகைகளைச் சேர்த்து, பழைய சைக்கிள் சக்கரம் இரண்டைப் பூட்டி, ஒரு தள்ளுவண்டி செய்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் தெருவில் "சொப்பு, சொப்பு!" என்று கன்னடத்தில் கீரை கூவும் குரல். கண்ணம்மாதான். இரண்டு பக்கமும் தாராளமாகக் கழுத்தைத் திருப்பியபடி வந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? வலிக்குக் கேட்டது மருந்தா, வண்டியா என்று விசாரித்தேன். மடியில் புத்தகத்தோடு குனிந்து உட்கார்ந்திருந்த என்னை அவர் ஏற இறங்கப் பார்த்தார். "உங்க மனசு நோவக் கூடாது, பாதி மருந்துன்னே வெச்சுக்கோங்கோ. அந்தப் பொஸ்தகத்துக்கும் ஒரு பலகை செஞ்சு தரச் சொல்றேன், நிமிந்து படிங்கோ!"

மாரி செய்து கொடுத்த சாய்வுப் பலகையில்தான் இன்றும் படிக்கிறேன். என் கழுத்துக்கு வைத்தியம் பார்த்தது கீரைக்கார அம்மாள் என்பதை மட்டும் இன்னும் போர்டில் எழுதவில்லை.