அடுப்படியில் படுத்துக்கொண்ட பசு

எங்க வீட்டுக்காரருக்கு எப்போது என்ன தோன்றும் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறு வருஷம், சர்க்கார் கச்சேரியில் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தர் வேலையை உதறிவிட்டு வந்து நின்றார். "போலகத்துக்குப் பக்கத்துல நம்ம களத்துக் கொட்டகை சும்மாத்தானே கிடக்கு. அதைச் சரிபண்ணி அங்கயே குடிபோயிடலாம். வயலு, மாடு, கோழி, கொல்லையில காய்கறின்னு நாம பாட்டுக்கு இருக்கலாம்" என்றார். கடைத்தெருவுக்குப் போய்விட்டு வரலாம் என்கிற மாதிரி!

அந்தக் கொட்டகையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் நெல் மூட்டை அடுக்கவும் மறுபக்கம் மாடு கட்டவும் எங்கள் மாமனாருடைய அப்பா கட்டியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த புயலில் பாதி ஓடு பறந்துபோனதிலிருந்து யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வௌவால் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. புத்தியுள்ள எந்தப் பொம்பளையும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பாள். நான் உடனே சரி என்றேன்.

காரணம் ஒன்றே ஒன்றுதான். எனக்கென்று ஓர் அடுப்பு வேண்டும். பட்டினத்தில் நாங்கள் கூட்டுக்குடும்பமாக இருந்த பெரிய வீட்டில் சமையலறை முழுக்க என் ஓரகத்தியின் ராஜ்ஜியம். என் வீட்டுக்காரருடைய அண்ணனான மச்சாண்டாரின் மனைவி அவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். இடிப்பதும் அரைப்பதும் கழுவுவதும் நான். அடுப்பில் எது ஏற வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார். காய்ச்சலில் கிடந்த என் மகளுக்குக் கொஞ்சம் கஞ்சி வைக்கக்கூட "வைக்கட்டுமாக்கா" என்று நான் கேட்டு நிற்க வேண்டும். ஒரு தரம் அப்படி நின்றபோது, "இப்பத்தானே அடுப்பை அணைச்சேன், பொழுது சாயட்டும்" என்றார். குழந்தை பசியில் அழுதபடியே தூங்கிப்போனாள். வௌவாலாவது பாம்பாவது, என்ன இருந்தாலும் இந்த வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் கொட்டகை வேலை நடந்த லட்சணம் இருக்கிறதே! கொத்தனாருக்கு ஏழரைச் சனி. வெள்ளிக்கிழமை மத்தியானமே கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத் திருநள்ளாற்றுக்குக் கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை வருவார், அதுவும் உடம்பு வலி என்று முனகிக்கொண்டு. "உங்களுக்குப் பிடிச்ச சனி எனக்கும் சேர்த்துப் பிடிச்சிருக்குங்க" என்று அவரிடம் நேராகவே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அடுத்த வாரம் உங்களுக்கும் சேர்த்து ஒரு விளக்குப் போட்டுடறேம்மா" என்றார்.

சுட்ட கிளிஞ்சலைச் சுண்ணாம்புக்காக வண்டியில் கொண்டுவரச் சொன்னால், மேலே ஒரு ஓலையைப் போட்டு மூட வேண்டாமா? வழியில் மழை பிடித்துக்கொண்டது. கிளிஞ்சல் வண்டியிலேயே வெந்து, புகைந்து, வெடிக்க ஆரம்பிக்க, வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியே போய்விட்டார். எங்க வீட்டுக்காரரோ ரோட்டில் நின்று, "தண்ணி ஊத்தி நீத்துற வேலை மிச்சம்" என்று சிரிக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. அவர் கட்டிய கோழிக்கூடு கோழி ஏறி உட்கார்ந்ததும் சாய்ந்தது. அவர் போட்ட அவரைப் பந்தலை எவனுடைய ஆடோ மேய்ந்துவிட்டுப் போனது. பட்டினத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம், "மாட்டுக் கொட்டகைக்கா குடிபோறீங்க?" என்று வாய்க்குள்ளே சிரித்துக்கொண்டு கேட்டார்கள். ஆமாங்க, மாட்டுக் கொட்டகைக்குத்தான், உங்களுக்கென்ன?

ஒருவழியாகக் கூரைக்குப் பனங்கைச் சட்டம் மாற்றி, ஓடு வேய்ந்து, சுவரெல்லாம் வெள்ளையடித்து முடிக்கும்போது ஆவணியில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் மிச்சமிருந்தது. அதை விட்டால் புரட்டாசியில் புதுமனை புக மாட்டார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை. மார்கழி ஆகாது. தை பிறக்கிறவரைக்கும் ஓரகத்தியின் அடுப்படிதான் கதி. அந்த ஒரு முகூர்த்தத்தில் என் அடுப்பில் பால் பொங்கியாக வேண்டும். அதுதான் என் கவலை முழுவதும்.

முகூர்த்தத்தன்று பொழுது விடிந்ததும் பெரிய வீட்டு ஆட்கள் எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். முதலில் பசுவும் கன்றும் உள்ளே போக வேண்டும் அல்லவா? பெரிய வீட்டில் புதிதாகக் கன்று போட்டிருந்த பசுவை மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டு அழைத்து வந்தார்கள். வாசற்படி தாண்டியதுதான் தாமதம், அது யாரையும் பார்க்கவில்லை. நடுக்கூடத்தில் ஐயர் நீட்டிய அரிசி வெல்லத்தையும் தொடவில்லை. நேரே தென்கிழக்கு மூலைக்குப் போனது. நான் ஆசை ஆசையாகப் பூசி மெழுகிக் கோலம் போட்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் காலை மடித்துப் படுத்து, அசைபோட ஆரம்பித்துவிட்டது.

"அடடா! மகாலட்சுமி தானா வந்து உக்காந்துட்டா. யாரும் எழுப்பப்படாது" என்றார் ஐயர். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்க வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பெருமை. "கரெக்டா வந்து படுத்திருக்கு பாரு. கிடேரியா இருக்கறப்ப இதை இந்த மூலையிலதான் கட்டுவோம்" என்றார்.

"தெரிஞ்சேதான் இங்க அடுப்புப் போட்டீங்களா?"

"அக்கினி மூலை இதுதானே?"

இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்! நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டால் எழுந்துவிடும் என்று பார்த்தேன். கொசுவுக்காக அந்திக்கு அந்தி போடுகிற புகைக்குப் பழகிய மாடு, கண்ணை மூடிக்கொண்டு இன்னும் சுகமாகச் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் என் கோலத்தின் மேலேயே சாணியும் போட்டது. அதற்கும் "ரொம்ப விசேஷம்" என்று ஒரு அத்தை கைகூப்பினாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

யாரோ ஒருத்தர், "மாட்டுக்குத்தான் அந்த இடம்னு ஆயிடுச்சு. பேசாம பாலைப் பெரிய வீட்டுலயே காய்ச்சிக்கிட்டு, தை மாசம் நல்ல நாள் பாத்துக் குடிவரட்டுமே" என்றார். எங்க வீட்டுக்காரர் தாடையைத் தடவிக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

"என்ன சரி? போறவங்க போங்க. நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்" என்று கத்தினேன். பால் பானையைத் தூக்கிக்கொண்டு, பசுவின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை நுழைத்து உட்கார்ந்தேன். புதுச் சேலையில் சாணி அப்பிக்கொண்டது. அப்பட்டும் என்று அடுப்பைப் பற்றவைத்தேன்.

அப்போது ஓரகத்தி கிட்டே வந்து பானைக்குக் கையை நீட்டினார். மூத்த சுமங்கலி கையால் பானை ஏற வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு வந்ததே கோபம்! "வேணாங்கக்கா. இந்த அடுப்புல நான்தான் வைப்பேன். இங்கயும் வந்து உங்களைக் கேட்டுக்கிட்டு நிக்க என்னால ஆகாது" என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. துள்ளிக்கொண்டிருந்த கன்று பானையைத் தட்டிவிடாமல் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பால் பொங்கி நான்கு பக்கமும் வழிந்தது. எல்லாரும் சந்தோஷத்தில் கூச்சல் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நானும் கேட்டேன்டி, அடுப்பு மாமியார் கையில இருந்தப்ப. தனியாப் போக இதே கொட்டகையைத்தான் கேட்டேன். ஊர் சிரிக்கும்னுட்டாரு உன் மச்சாண்டாரு" என்றார்.

அடிப் பாவி! இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இத்தனை வருஷமாக அவரைத் திட்டுவதற்கென்று மனசுக்குள் சேர்த்து வைத்ததை எல்லாம் நான் இனிமேல் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாமிக்கு வைத்துவிட்டு, முதல் டம்ளர் பாலை அவர் கையில்தான் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார் அந்த மகராசி. என் அடுப்பு, என் சர்க்கரை, நான் இப்படித்தான் போடுவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.