ஓட்டை அப்பம்

நாக்கில் வைத்ததும் முதலில் ஒன்றுமே தெரியாது. கொஞ்ச நேரம் காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெல்லக் கரைந்து, கடைசியில்தான் லேசாக வறுபட்ட மாவின் வாசனை வரும். கன்னியர் மடத்தில் பூசைக்கான அப்பங்களை வட்ட வட்டமாக வெட்டி எடுத்தபின் மிஞ்சுகிற அந்த வெள்ளைத் தகட்டுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘ஓட்டை அப்பம்’. புதுச்சேரியில் ஞாயிறு பூசை முடிந்தும் வீட்டுக்கு ஓடாமல், வேதபாடம் படிக்கும் ‘ஞானோபதேச’ வகுப்பில் நாங்கள் உட்கார்ந்ததே, கடைசியில் ரோசலி டீச்சர் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துத் தரும் அந்தத் துண்டுகளுக்காகத்தான். ஓட்டை வழியே ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத்தான் தின்போம். “இது மந்திரிக்காத அப்பம், வெறும் மாவுதான். அதுக்காவ கீழ மேல போடாதீங்க” என்பார் டீச்சர்.

அந்த வருஷம் எங்களுக்குப் ‘புதுநன்மை’, அதாவது பூசையில் மந்திரித்த அப்பமான நற்கருணையை முதன்முதலாக வாங்கும் நாள், நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் பெரிய பேச்சுக்காரர் இல்லை. கேள்வியை வாசிப்பார், பதிலை வாசிப்பார், எங்களைத் திருப்பிச் சொல்லவைப்பார், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கு முன்னாலும் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் இருமுவோம், பெஞ்சை ஆட்டுவோம், ஒன்றும் பலிக்காது. அப்படிப்பட்டவர், பூசையில் எல்லோரும் நன்மை வாங்கப் போகும்போது மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருப்பதே இல்லை என்பதைக் கண்டுபிடித்தவள் ஜெனி, எங்கள் வகுப்பின் வாயாடி. சில வாரங்கள் எல்லோரும் சேர்ந்து வேவு பார்த்தோம். பிறகு அவள் வகுப்பிலேயே கேட்டுவிட்டாள்.

“டீச்சர், நீங்க ஏன் நன்மை வாங்க போவமாட்றீங்க?”

டீச்சர் மழுப்பவில்லை. “எங்க ஓரகத்தி மார்த்தாக்கா இருக்காங்கல்ல, அவங்கள நாலு பேர் எதிர்ல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அவங்ககிட்ட போயி மன்னிப்பு கேக்காம எப்படி நன்மை வாங்குறது? இன்னும் தைரியம் வரல.”

“சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா போதுமே?”

“அவரு மன்னிச்சிடுவாரு பாப்பா. நான் பேசுனது சாமியாரையா?”

சிரித்துவிட்டோம். ஆனால் புதுநன்மை அன்று பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் டீச்சரும் வந்து நன்மை வாங்குவதுதான் எங்கள் கோயில் வழக்கம். அவர் வராமல் நாங்கள் மட்டும் பீடம் வரை நடப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஜெனி மிச்சமிருந்த ஓட்டை அப்பத்தை டப்பாவோடு தூக்கிக்கொண்டு ஓட, நாங்களும் பின்னாலேயே ஓடினோம். பக்கத்துத் தெருவில் மார்த்தாக்கா வீட்டு வாசலில் நின்று, “டீச்சர் குடுத்தனுப்புனாங்க” என்று கண் இமைக்காமல் சொன்னாள். மார்த்தாக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது டப்பா நிறையக் கேசரி.

“மார்த்தாக்கா பழம் விட்டுட்டாங்க டீச்சர்!” என்று கத்திக்கொண்டே திரும்பினோம். டீச்சர் சந்தோஷப்படவில்லை, நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். திட்டவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு ஒருத்தரும் இருமவில்லை. பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“சொல்லிடாதீங்க டீச்சர், மறுபடியும் காய் விட்டுடுவாங்க.” ஜெனிக்கு அழுகையே வந்துவிட்டது.

“விட்டா விடட்டும். இது அவங்க என்னய நம்பி குடுத்த கேசரி.”

நாங்கள் பின்னால் நிற்க, மார்த்தாக்கா வீட்டு வாசலிலேயே டீச்சர் சொன்னார். “அக்கா, அப்பம் நான் குடுத்தனுப்பல. பசங்களா செஞ்சிதுங்க. நான்தான் மொதல்லயே வந்திருக்கணும். அன்னைக்குப் பேசுனது தப்புக்கா.”

“தெரியும்டி. உனக்கு ஏது இந்த புத்தி? இதுங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியலயா” என்றார் மார்த்தாக்கா. “நீ பேசுனது எனக்கு மறக்கல, ஆமா.” பிறகு டீச்சர் கையிலிருந்து டப்பாவை வெடுக்கென்று வாங்கினார். “ஆறிப்போச்சு. உள்ள வா, சூடு பண்ணித் தரேன். நீங்களும் வாங்கடி, பொய்க்காரிங்களா!”

புதுநன்மை அன்று வாங்கியதன் ருசி நினைவில்லை. வாங்கிவிட்டுத் திரும்பும்போது, எங்களுக்குப் பின்னால் கைகூப்பி வந்துகொண்டிருந்த டீச்சரின் முகம்தான் நினைவிருக்கிறது.

இப்போது அந்த வகுப்பை நான் எடுக்கிறேன். டீச்சர் மகனோடு பிரான்சுக்குப் போய்விட்டார். மார்த்தாக்கா வீடு மஞ்சள் பூசிய காபிக் கடை. அப்பம் வெளியூரிலிருந்து ஒட்டிய பாக்கெட்டில் வருகிறது, ஓட்டைத் தகடு என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது, சாக்லெட் கொடுக்கிறேன். புரொஜெக்டர், வினாடி வினா, பாட்டு என்று வகுப்பையே அமளிதுமளியாக்குகிறேன். மன்னிப்பைப் பற்றிய பாடத்துக்கு இரவெல்லாம் கண்விழித்து நானே படங்கள் செய்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

ஆனால் போன ஞாயிறு பூசையில், நன்மை வாங்கும் நேரம் வந்ததும், முன்வரிசையில் இருந்த என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும், அன்று நாங்கள் டீச்சரை வேவு பார்த்ததுபோலவே, ஒருசேரத் திரும்பி, பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள், எழுந்திருக்கிறேனா என்று.