வாட்ட மாடியில் ஒரு டீ டம்ளர்

பண்டாரவளை அய்யாவுவின் மூத்த மகள்தான் கருப்பம்மா. பதினொரு வயதில் தகப்பனோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள்; கோத்தகிரிப் பக்கம் காத்தாயி என்பவளின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு, மாரப்பனின் சின்ன டீ பேக்டரியில் இலை வாட்டும் மாடிக்கு வேலைக்குப் போனாள். வாடின கொழுந்தை ஒரு பிடி அள்ளி, உருண்டையாக இறுக்கிக் கையைத் திறப்பாள். உருண்டை விரியாமல் நின்றால் வாட்டம் சரி.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. வாட்டம் நாளுக்கு நாள் மாறியதால், தூள் ஒரு தடவை போல மறு தடவை இல்லை என்று ஏலத்தில் தள்ளினார்கள். மாடியை மூடிவிட்டுப் பச்சை இலையாகவே பெரிய பேக்டரிக்கு அனுப்பிவிடலாம் என்றார் மாரப்பன். அப்படியானால் கருப்பம்மாவுக்கு வேலை கிடையாது. கடைசி முயற்சியாகக் கோயம்புத்தூர் காலேஜிலிருந்து சுவாதி என்ற பெண் இலையின் ஈரத்தை அளக்கும் ஒரு கருவியோடு வந்தாள். மாரப்பன் கொடுத்தது ஒரே நாள் தவணை.

“கண்ணுக்குத் தெரியாத கதிருங்க அக்கா, டெராஹெர்ட்ஸ்னு பேரு. இலைக்குள்ள விட்டா தண்ணி அதைக் குடிச்சுக்கும். மிச்சம் வர்றதைப் பிடிச்சா ஈரம் தெரிஞ்சிருமுங்க.”

பிடிப்பதுதான் பெரும்பாடு. கதிர் பட்டதும் சூடேறி உப்பும் காற்றுக் குப்பி ஒன்றை முதலில் வைத்தாள். விசிறி ஓடும் பலகைத் தளத்தின் அதிர்வில் அது நிலைகொள்ளவில்லை. பிறகு, சூடு ஏறி இறங்கினால் மட்டும் மின்சாரம் காட்டும் சின்னச் சில்லு ஒன்று. அதற்கு முன்னால் ஓட்டை போட்ட தகடு சுழன்று, கதிரை வெட்டி வெட்டி விட்டது. எண் ஒழுங்காக வந்தது. கொஞ்ச நேரம் போனதும், அதே இலையை நனைந்த இலை மாதிரி காட்டியது.

“பொட்டியும் உன்னை மாதிரியேதான் கருப்பம்மா, நேரத்துக்கு ஒரு பேச்சு” என்றார் மாரப்பன்.

கருப்பம்மா மேசையைப் பார்த்தாள். ஆற ஆற டீயை மாற்றிக் கொண்டுவந்து வைத்தது அவள்தான். வந்தவளுக்குக் கொடுக்க அன்றைக்கு அங்கே வேறென்ன இருந்தது? கடைசி டம்ளர், கதிர் போகும் இடைவெளிக்கு நேர் கீழே ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“மிஸ், அந்த ஆவியும் தண்ணிதானே? அதுவும் குடிக்காதா?”

சுவாதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “டீ வேண்டாம்னா உங்க மனசு நோகுமேன்னு நானும் சும்மா இருந்துட்டேனுங்க.”

டம்ளரை எடுத்தார்கள், பனி நுழைந்த ஜன்னலையும் சாத்தினார்கள். எண் பழையபடி வந்து நின்றது.

மதியம் வரை பன்னிரண்டு தட்டு இலை. கருப்பம்மா பிடித்துப் பார்த்து முதலில் சொல்வாள். பிறகு சுவாதி எண்ணைப் படிப்பாள். பதினொன்று ஒத்துப்போனது. கடைசித் தட்டைக் கருப்பம்மா “ஆகிருச்சு” என்றாள். கருவி இன்னும் ஈரம் என்றது. அவளே ஒரு காம்பை மடக்கினாள். நன்றாக வாடின காம்பு ஒடியாமல் மடங்கும்; இது சடக்கென்று ஒடிந்தது.

“பொட்டி சொன்னதுதான் சரிங்க மொதலாளி.”

மாரப்பன் ஒடிந்த காம்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “அப்ப உன்ற கையும் பொட்டியும் சேர்ந்தே பார்க்கட்டும். நாளைக்கும் இலை மாடிக்குத்தான் ஏறும்.”

கருப்பம்மா அந்தத் தட்டு இலையை மறுபடி பரப்பி, விசிறியைப் போட்டாள்.