சகலனுக்குப் போட்டியாக வாங்கிய அடுப்பு

மனைவிக்கும் அவள் தங்கைக்கும் சீதன வீடுகள் ஒரே வளவில். தங்கையின் கணவர், என் சகலன், மின்சார அடுப்பு வாங்கியதும் எனக்கு வயிறு எரிந்தது. அதைவிடப் பெரியதை வாங்கி, எலக்ட்ரீசியனுக்குக் காத்திராமல் நானே இணைத்தேன். பச்சை வயர் தேவையில்லாததாகப் பட்டது, வெட்டிவிட்டேன்.

அடுப்பைத் தொட்ட மனைவி அலறி விழுந்தாள். மெயின் சுவிட்சை அணைக்க வேண்டிய நான் உடுத்தியிருந்த சாரத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, சகலனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர்தான் வந்து சுவிட்சை அணைத்தார்.

“ஏர்த் வயர் எங்க மச்சான்?”

“வெட்டிட்டன்.”

“அல்லாஹ்! அதுதானே ஆளைக் காப்பாத்துற வயர்!”

மெல்ல எழுந்த மனைவி, “அவங்கட அடுப்பு இப்படி அடிக்கல்லயே” என்றாள். அவள் உயிர் தப்பிய நிம்மதியிலும் அது சுட்டது.

எலக்ட்ரீசியன் ஏர்த் போடும்வரை சகலன் வீட்டுச் சோறுதான். அதன் ருசிமீதும் பொறாமைப்பட்டேன். ஆனாலும் மனைவி கை நடுங்காமல் சோறு பிசைவதைப் பார்த்து, சகலன் எப்போதும் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன்.