ஒன்பது பேர், பதினெட்டுச் சாப்பாடு

இன்று காலை பேப்பரில் ஒரு செய்தி.

எங்கோ ஒரு நகரத்தில் தேர்தல் செலவு எகிறிவிட்டதாம். மிச்சத்தை யார் கட்டுவது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம்.

படித்ததும் பசியாறிக்கொண்டிருந்த ரோத்தி சானாய், அதாவது பரோட்டா, தொண்டையில் நின்றுவிட்டது. எனக்கும் இதே குழப்பம் நடந்திருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தீரவில்லை.

(வயது தொண்ணூறை நெருங்குகிறது. ஒற்றை விரலில் தட்டுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் கடைசி வரிக்குப் போய்விடலாம்.)

ஐம்பதுகளின் மலாயா, அவசரகாலம். சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டவுன். அங்கே டவுன் கவுன்சில் தேர்தல்.

(ஆமாம் பிள்ளைகளே, இப்போதுபோல நியமனம் இல்லை, அப்போது அதற்கெல்லாம் ஓட்டு உண்டு!)

நான் கவுன்சில் ஆபீசில் தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. மூன்று மாதம் பெயர் கெடாமல் இருந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் அம்மா எஸ்டேட்டில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போக வேண்டாம். என் கவலை முழுக்க அதுதான்.

தேர்தலன்று எனக்குக் கொடுத்த வேலை ரொம்பப் பெரியது. டவுன் எல்லையில் இருந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச் சாவடி. அங்கே வேலை பார்த்த ஒன்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு போக வேண்டும். பொட்டலம் ஐம்பது காசு, மொத்தம் நாலரை வெள்ளி.

சோற்றுக்கடை காதர் நானாவிடம் சொல்லிவிட்டேன். இராமநாதபுரத்துக்காரர், எங்கள் ஆபீசுக்கு எதிர்க்கடை. கோழிக் குழம்பு ஊற்றி, வாழை இலையில் கட்டிச் சுடச்சுடக் கொடுத்தார்.

டை கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். டவுனைச் சுற்றிப் போட்டிருந்த முள்கம்பி வேலியின் கேட்டில் போலீஸ் சார்ஜன் நிறுத்தினார்.

"நாசி தக் போலே."

சோறு வெளியே போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சட்டம். மீறினால் ஜெயில்.

இது எனக்குத் தெரியாதா? என் அம்மாவே அந்த மாதிரி ஒரு கேட்டில் தினமும் வெறும் தண்ணீர்ப் போத்தலோடு வேலைக்குப் போனவர்தான். ஆனால் அதெல்லாம் எஸ்டேட்டுக்காரர்களுக்கு, டை கட்டிய கவர்மென்ட் ஆளுக்கு இல்லை என்று நினைத்துவிட்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

கவுன்சில் கடிதத்தைக் காட்டினேன். சார்ஜன் அதை நிதானமாகப் படித்தார். பிறகு ஒன்பது பொட்டலத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்.

சாவடியை மூட முடியாது. சோற்றை ஆளிடம் கொண்டு போக முடியாவிட்டால் ஆளைத்தான் சோற்றிடம் கொண்டு வர வேண்டும். ஒரு டாக்சி பிடித்தேன். மூன்று மூன்று பேராக மூன்று நடை, நடைக்கு நாலு வெள்ளி. காதர் நானா கடையில் எல்லோரும் மறுபடி ஒன்பது சாப்பாடு சாப்பிட்டார்கள். காசு ஆபீசிலிருந்து வரும் என்று நானாவிடமும் டாக்சிக்காரரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

கடைசி நடையில் கேட்டைத் தாண்டும்போது பொட்டலங்களைத் திருப்பிக் கேட்டேன். சார்ஜன் வாயைத் துடைத்துக்கொண்டு, எந்தச் சோறு என்று கேட்டார். மேஜைமேல் வெறும் இலைதான் கிடந்தது.

அப்பாடா, கேஸ் இல்லை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை நான் கொடுத்த செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பெரிய கிராணி கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

"என்ன தம்பி, ஒன்பது பேர் பதினெட்டுச் சாப்பாடு சாப்பிட்டவையோ?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். டாக்சிக்கு ஒதுக்கிய பணம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதாம். மேலே கேட்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் என்ன? நான் கேட் வழியாகச் சோறு கடத்தப் பார்த்தது!

"எழுதினால் காசு வரும். காசோட பொலிசும் வரும். எழுதாட்டி பதினாறரை வெள்ளி உன்ர கையால கட்ட வேணும். யோசிச்சுச் சொல்லு."

சாட்சியைச் சார்ஜன் தின்றுவிட்டார். புதுச் சாட்சியை நானே கையெழுத்துப் போட்டுத் தயாரிக்க வேண்டும். இதில் என்னத்தை யோசிப்பது?

சம்பளம் மொத்தமும் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அதில் பாதி முந்தின கடனுக்கே போயிருக்கும். எனவே காதர் நானாவிடம் தவணை கேட்கப் போனேன்.

அவர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே ஒரு பில்லை நீட்டினார். ஒன்பது சாப்பாடு, நாலரை வெள்ளி. அவ்வளவுதான்.

இன்னும் ஒன்பது என்றேன். அது சார்ஜன் சாப்பிட்டது, உன் ஆபீஸ் ஏன் கட்டணும் என்றார்.

டாக்சி என்றேன். அன்றைக்கே கொடுத்தாச்சு என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்க எதுக்கு நானா குடுக்கணும் என்று கேட்டேன்.

"எனக்கு இங்க பிரஜாவுரிமை இல்ல, ஓட்டும் இல்ல தம்பி. ஓட்டு உள்ளவன் எவனும் இதக் கட்டப் போறதில்ல. நானாச்சும் இந்த எலெக்சன்ல எதையாவது போட்டதா இருக்கட்டும்லா."

சொல்லிவிட்டு அடுத்த மேஜையைத் துடைக்கப் போய்விட்டார். பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கணக்கு சரியாக முடிந்தது. வேலை நிரந்தரமானது. அம்மா மரம் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார்.

அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதினேன். ஆனால் நானா போட்ட அந்தப் பதினாறரை வெள்ளியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை. சாப்பாடா? போக்குவரத்தா? பழைய கிராணிகள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து உறுத்துகிறது.

அடுத்த தேர்தலுக்குள் அவருக்கு ஓட்டு கிடைத்ததா என்று நான் பார்க்கவே இல்லை. வாக்காளர் பட்டியல் என் மேஜைமேல்தான் இருந்தது.