நொமு கற்ற முதலாளி

இன்று எங்கள் மரக்காணம் உப்பளத்துக்கு ஒரு ஜப்பான்காரர் வந்தார், இயந்திரம் விற்க. அவருக்கும் முதலாளிக்கும் நடுவில் ஆங்கிலம் பேசியது நான்.

அவருக்குத் தாகம். உப்பு வாரும் அஞ்சலை, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்த் தூக்கை நீட்டினாள்.

முழுவதையும் குடித்துவிட்டு "நொமு" என்றார். குடிப்பது என்று பொருளாம். அடுத்தவர் கோரிக்கையை ஏற்றுக்கொள்வதற்கும் அதே சொல்தானாம்.

முதலாளி உருகிப்போனார். "நல்ல பாஷைப்பா."

அஞ்சலை காலித் தூக்கைக் காட்டினாள். "அப்ப குடிக்கத் தண்ணித் தொட்டி ஒண்ணு கட்டிக் குடுங்க மொதலாளி. மூணு வருஷமா கேக்கறோம்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இத இங்கிலீஷ்ல சொல்லிடாதப்பா."

நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லியிருப்பீர்களா? எழுதுங்கள், பத்துப் பைசா தபால் கார்டு போதும்.