போன் உட்கார்ந்த ஸ்டூல்

பள்ளிக்கூடத்து ஆயா வேலை என்றால் மணி அடிப்பதும் குடத்தில் தண்ணி நிரப்புவதும்தான் என்று ஊரில் நினைக்கிறார்கள். அந்த வேலை பார்க்கிற என் அக்கா தங்கச்சிகளே, நமக்குத்தான் தெரியும், அது நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை.

ஸ்டூல் பறிபோனது

திருவொற்றியூரில் எங்கள் நடுநிலைப் பள்ளி வராண்டாவில், மணிக்குப் பக்கத்தில், எனக்கென்று ஒரு மர ஸ்டூல் உண்டு. முட்டி தேய்ந்தவளுக்கு அதுதான் சிம்மாசனம். கொரோனா அடங்கியும் அடங்காமலும் இருந்த நாளில் ஏழாம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பிள்ளைகள் வகுப்பில், மீதிப் பேர் வீட்டிலிருந்து போனில். மறுநாள் மாற்றி.

கணக்கு டீச்சர் தன் போனை எங்கெங்கோ வைத்துப் பார்த்தார். பெஞ்சில் வைத்தால் பிள்ளைகள் முட்டித் தள்ளின. மேசையில் வைத்தால் போர்டு தெரியவில்லை. கடைசியில் என் ஸ்டூல்தான் அளவாக இருந்ததாம். “அப்போ நான் எங்க குந்தறது?” என்று கேட்டேன்.

“போன் வுழுந்தா ஒடைஞ்சிடும் ஆயாம்மா. நீங்க செவுத்துல சாஞ்சிக்குவீங்க இல்ல?”

போனுக்கு வந்த யோகம்

போன் சூடாகிறது என்று அதை ஃபேனுக்கு நேர் கீழே நகர்த்தினார் டீச்சர். வெயில் படுகிறது என்று என் பழைய புடவையைக் கேட்டு வாங்கி ஜன்னலில் கட்டினார். இத்தனை வருஷத்தில் என் மேல் வெயில் படுகிறதா என்று ஒரு ஆள் கேட்டதில்லை. வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் இன்டர்வெல் மணியை வேண்டுமென்றே ஓங்கி, நாலு அடி கூடவே அடித்தேன். வகுப்பில் போனுக்குள்ளிருந்து ஏதோ ஒரு தாய் அலறினாள்.

“யாரும்மா அது? இப்பத்தான் கைக்கொழந்தைய தூங்க வச்சேன். மெல்லத் தட்டேன்மா!”

முட்டையும் சங்கராவும்

அப்போதெல்லாம் கூட்டம் கூடாது என்று பிள்ளைகள் பெஞ்சிலேயே சாப்பிட்டார்கள். ஒரு மத்தியானம் டீச்சர் போனை அணைக்க மறந்துவிட்டார். தினேஷ் என்கிற வாலு, சத்துணவு முட்டையைப் போன் முன்னால் ஆட்டிக் காட்டி, “வூட்ல கீறவங்களுக்கு இது கெடைக்குமா?” என்று வெறுப்பேற்றினான். முகத்துவாரக்குப்பத்து ஜெனிபர் அன்றைக்கு வீட்டில். எழுந்து போனாள், மீன் வறுவல் தட்டோடு வந்தாள். வகுப்பே எட்டிப் பார்த்தது. வீட்டிலிருப்பதுகள் பாயில் காலை நீட்டிக்கொண்டு, சுடச்சுட வறுவலோடு படிக்கின்றனவே என்று சுவரோரம் நின்று தயிர்சோறு தின்ற எனக்கும் ஏக்கம்தான்.

“ஒரு முட்டைய வச்சிக்கினு இன்னா சீனு போட்ற மாமு? இத்தப் பாரு, சங்கரா! எங்க நைனா காலைல புட்ச்சாந்தது.”

ஸ்டூலை மீட்டது

ஒரு நாள் முட்டி தாங்கவில்லை. எச்.எம். கூப்பிட்டு டீச்சர் ஆபீசுக்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்தேன். போனை எடுத்து ஜன்னல் கட்டையில் சாய்த்துவிட்டு, ஸ்டூலை வராண்டாவுக்குத் தூக்கி வந்து, ஜன்னலுக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டே போனைப் பார்த்துச் சொன்னேன்: “நீ கொஞ்ச நேரம் நில்லு. அப்பத் தெரியும் நோவு.”

போன் சிரித்தது. அதன் முகம் என் பக்கம் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. வீட்டிலிருந்த பாதி வகுப்பும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கத்தில் எழுந்து ஸ்டூலைத் தூக்கினேன். ஜெனிபர் குரல் தடுத்தது.

“நீ குந்து ஆயாம்மா. எங்க வூட்ல ஜன்னலாண்டதான் டவரு கீது, நானும் காலைலேர்ந்து நின்னுகினுதான் கீறேன்.”

வாசலில் நின்று அதைக் கேட்ட டீச்சர் ஸ்டூலைத் திருப்பிக் கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்கு வந்த ஜெனிபர் இன்டர்வெல்லில் அதில் பாதி இடம் கேட்டாள், நகர்ந்து கொடுத்தேன்.

இப்போது போனுக்குப் புதுசாக ஸ்டாண்டு வந்திருக்கிறது, அதற்கு மூணு கால், ஒண்ணும் வலிக்காது, எனக்கு இருப்பது ரெண்டு, ரெண்டுமே வலிக்கும், பிறகு நான் பொறாமைப்படாமல் வேறு யார் படுவது சொல்லுங்கள்.